வாழையடியில் புதைத்த மண்டையோடு

அலுமாரிக்கு மேல் ஒரு பெரிய பிஸ்கற் தகரம் இருந்தது. மூடியில் ஒரு குதிரை வண்டியும் தொப்பி போட்ட வெள்ளைக்காரிகளும். தகரத்துக்குள், பழைய சாரத்துணியில் சுற்றிய ஒரு மனித மண்டையோடு. அதற்குப் பக்கத்தில், இன்னொரு சின்னச் சுருளில், ஒரு குரங்கின் மண்டையோடு. எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்த விலங்கியல் மாஸ்டருடைய சாமான்கள் அவை. வெள்ளிக்கிழமைகளில் அந்த அறையைக் கூட்டும்போது தகரத்தையும் இறக்கித் தூசு துடைத்து வைப்பேன். பயந்து பயந்து துடைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். செத்தவர்களுக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. எனக்குப் பயம் வந்ததெல்லாம் உயிரோடு இருந்தவர்களால்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பேப்பரில் பெரிய எழுத்துகளை வாசிப்பேன். நீளமாக எழுத உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஆனாலும் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த கதையைப் போல, மாடி வீட்டுக்காரர் மேசைகளிலும் நடந்திராது. அதை நான் எங்கேயும் தலை நிமிர்ந்து சொல்வேன். மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதுதான் கதை. வெளியில் ஊரடங்கு, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அந்தக் காலத்தில், ஒரு விளக்கைச் சுற்றி இருந்துகொண்டு, அடுத்த நாள் உயிரோடு இருப்போமோ தெரியாத இரண்டு ஆண்கள், உலகத்தின் முதல் மனிதனைப் பற்றிக் கத்திக் கத்திச் சண்டை பிடித்தார்கள்.

ஒருவர் மாஸ்டர். மற்றவர் என் கணவர். இனி இந்த எழுத்தில் 'இவர்' என்று வந்தால் அது என் கணவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேர் சொல்லி எழுத எனக்குக் கை வராது. இவர் முதலில் துறைமுகத்தில் கப்பலில் இருந்து சாமான் இறக்குகிறவர்களுக்கு மேற்பார்வை. அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் சிங்களவர். அவர்களோடு தேத்தண்ணி குடித்து, சண்டை பிடித்து, அந்தப் பாஷையை எழுத்துக் கூட்டாமலே தண்ணீர் மாதிரிப் பேசப் பழகினார். கலவரத்தில் அந்த வேலை போனது. வேலை போன கவலையில் இருந்த மனிதரைக் கர்த்தர் பிடித்தார் என்று சபைக்காரர் சொல்வார்கள். எப்படியோ, இரண்டு வருஷத்துக்குள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிற பாஸ்டராக ஆகிவிட்டார்.

மாஸ்டர் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சான் ஆள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தவர். கலியாணம் செய்யவில்லை. சைவப் பிள்ளை, ஆனால் கோயிலுக்கும் போகமாட்டார், கொட்டிலுக்கும் வரமாட்டார். நெடுவல், ஒல்லி, தடித்த கண்ணாடி. எங்கள் விறாந்தையில் ஒரு கரும்பலகையைச் சாத்தி வைத்து ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் படிப்பிப்பார். பள்ளிக்கூடத்தில் அகதிச் சனம் வந்து நிறைந்தபோது, ஆய்வுகூடத்துச் சாமான்கள் உடைந்துபோகும் என்று ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். மாஸ்டரின் பங்குக்கு வந்ததுதான் அந்த மண்டையோடு. வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் ஒருவர் இருந்த காலத்தில் எங்கிருந்தோ கப்பலில் வருவித்தது என்று சொன்னார். குரங்கின் தலை அவர் தானே காட்டில் பொறுக்கியது.

ஒரு பாஸ்டர் வீட்டில் அப்படிப்பட்ட ஆளை எப்படிக் குடியிருத்தினீர்கள் என்று சபைப் பெண்கள் என்னைக் கேட்டதுண்டு. வந்த முதல் நாள் அவர் கிணற்றடியில் தன் கோப்பையைத் தானே கழுவினார். அதுவரை எந்த ஆம்பிளையும் என் வீட்டில் அதைச் செய்து நான் காணவில்லை. அதற்குப் பிறகு அவர் குரங்கில் இருந்து வந்தாலென்ன, களிமண்ணில் இருந்து வந்தாலென்ன என்று இருந்துவிட்டேன்.

சண்டை எப்போதும் மாஸ்டர்தான் தொடங்குவார். புட்டைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "பாஸ்டர், உங்கட ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததோ?" என்பார்.

"ஆதாமுக்கு இருந்துதோ இல்லையோ, உங்கட கொப்பாட்டனுக்கு வால் இருந்ததில சந்தேகமில்லை."

"எத்தினை தரம் சொல்லுறது? குரங்கு கொப்பாட்டன் இல்லை. ஒண்டுவிட்ட சகோதரம். அதுக்கும் எங்களுக்கும் முன்னுக்கு ஒரு பொது மூதாதை."

"அப்ப நல்லதாப் போச்சு. சகோதரம் காலமை வந்து குசினிக் கூரையில நாலு ஓடுகளைக் கிளப்பிப்போட்டுப் போயிருக்கு. நீங்கள்தான் ஏறிப் போட்டுத் தரவேணும்."

நான் குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பேன். ஆனால் எல்லா நாளும் பகிடியோடு முடிவதில்லை. பிரதான வீதியில் குண்டு வெடித்து, மரக்கறி வாங்கப் போன சனம் செத்துப்போன வாரம் ஒரு நாள், இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "மனிசன் தேவனுடைய சாயல். அதை விட்டிட்டு அவனும் ஒரு மிருகம் எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறியள். மிருகம் எண்டால் மிருகத்தைச் சுடுற மாதிரித்தானே சுடுவாங்கள்? அதுதான் நடக்குது." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சாயல் எண்டு நம்பினவங்களும் சுட்டவங்கள்தான் பாஸ்டர். எலும்பு மண்ணுக்குள்ள கிடக்கு. அது பொய் சொல்லாது" என்றார். "எலும்பு உண்மையும் சொல்லாது. அது கதைக்கிறேல்லை. அதுக்காக நீங்கள்தான் கதைக்கிறியள்" என்று இவர் சொன்னது இப்போதும் என் காதில் நிற்கிறது. இருவர் குரலும் வேலி தாண்டிப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு படுப்பார்களாம். சண்டை கேட்டால் பாஸ்டர் வீட்டில் எல்லாரும் சுகம் என்று அர்த்தம்.

பிறகு ஆமியின் சுற்றிவளைப்புகள் வரத் தொடங்கின. விடியுமுன் லொறிச் சத்தம், நாய்கள் குரைக்கிற சத்தம், ஒழுங்கை முனைகளில் சப்பாத்துக் கால்கள். எந்த வீட்டில் என்ன எடுத்தார்கள், யாரைக் கொண்டுபோனார்கள் என்று பகலில் காதோடு காது கதை பரவும். ஒரு வீட்டில் பாட்டுக் கசெற் ஒன்றுக்காக மகனை ஏற்றினார்களாம். இன்னொரு வீட்டில், கூரை வேய வாங்கின கம்பிச் சுருளுக்காகத் தகப்பனை. உண்மையோ பொய்யோ, கேட்டவர்கள் எல்லாரும் தங்கள் வீடுகளைப் புதுக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். ரோச் லைற், பழைய மணிக்கூடு, கடல் வரைபடம் போட்ட கலண்டர், எல்லாமே குற்றமாகத் தெரிந்தது. அடுப்புகளில் சோற்றோடு சேர்ந்து கடதாசியும் எரிந்தது. கிணற்றுக்குள் போட்டார்கள், கோழிக்கூட்டுக்குள் ஒளித்தார்கள், மண்ணுக்குள் புதைத்தார்கள். அந்த நாட்களில் எங்கள் பகுதியில் புதைக்காத வளவு கிடையாது.

அப்போதுதான் மாஸ்டர் அலுமாரிக்கு மேலே பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், போகிற வழியெல்லாம் சென்றி, ஆமிக் காவல். பையைத் திறக்கச் சொல்வார்கள். எலும்பை எரித்தால் மணம் ஊரைக் கூட்டும். வீட்டில் வைத்திருந்தால், ஒரு தமிழ் இளந்தாரியின் அறையில் மனித மண்டையோடு எதற்கு என்று கேட்பார்கள். மாஸ்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இவர் சொன்னார்: "மாஸ்டர், மனிசருடைய எலும்பு. அது மண்ணுக்குள்ள போகவேண்டியதுதானே. அலுமாரியில இருந்ததே பிழை. தாட்டுவிடுவம்." மாஸ்டர் இவரை நிமிர்ந்து பார்த்தார். "சரி பாஸ்டர். நீங்கள் சொல்லுறதுதான் சரி" என்றார். அந்த வீட்டில் நான் அந்தச் சொற்களை அதற்கு முன் கேட்டதே இல்லை. இருவரும் ஒரே பக்கம் நின்ற முதல் விஷயம் அதுதான்.

பொழுதுபடும் நேரம், பின்வளவில் வாழைகளுக்கு நடுவே மண்வெட்டியால் கிடங்கு வெட்டினார்கள். சாரத்துணியோடு இறக்கினார்கள். இவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மண் புதுசாகத் தெரியக்கூடாது என்று நான் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினேன், வாழைச் சருகை அள்ளிப் போட்டேன். குரங்கின் தலை தகரத்துக்குள்ளேயே இருக்கட்டும், குரங்கைக் கொன்றதற்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்று மாஸ்டர் சிரித்தார். அன்றைக்கு மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

ஒளித்து வைத்ததைத்தான் தேடி வருவார்கள் என்ற எளிய விஷயம், வேதம் படித்தவருக்கும் விஞ்ஞானம் படித்தவருக்கும் வீட்டுக்காரியான எனக்கும் அந்த நேரம் புத்தியில் ஏறவில்லை. ஊர் முழுக்கப் புதைத்துக்கொண்டிருந்தது, நாங்களும் புதைத்தோம்.

அவர்கள் வந்தது ஒரு விடியற்காலை. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். படலையை உதைத்த சத்தம் கேட்ட உடனேயே வளவு முழுக்கப் பச்சை உடுப்பு. ஆமிக்காரரில் சிலபேர் கையில் துவக்கு, சிலபேர் கையில் நீட்டு இரும்புக் கம்பி. கம்பியால் நிலத்தைக் குத்திக் குத்திக்கொண்டு போனார்கள். இறுகின மண்ணில் கம்பி நிற்கும். புது மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வாழையடியில் அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினதை நான் குசினி யன்னலால் பார்த்தேன். ஒருவன் சருகைக் காலால் தள்ளினான். மற்றவன் குந்தியிருந்து கையால் கிண்டினான். பிறகு கத்தினான்.

மண் அப்பின மண்டையோட்டைத் தூக்கிப் பிடித்தபோது, கண் குழிக்குள் இருந்து ஒரு மண்புழு கீழே விழுந்தது. அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்த பெடியன்கள் அத்தனை பேரும் வாயை மூடினார்கள். எனக்குப் பயம் தந்தது அந்த அமைதிதான். அவர்களுக்கும் ஆட்கள் காணாமல் போயிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் தெரிந்தது, ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்த ஒரு தலையை அங்கே கண்டான்.

மாஸ்டரையும் இவரையும் இழுத்துவந்து கிணற்றடியில் முழங்காலில் இருத்தினார்கள். மாஸ்டரின் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினார்கள். அவர்களுக்குப் பெரியவன் ஒருவன் வந்தான். நரை விழுந்த மீசை, சத்தம் போடாத குரல். அவன் கேட்டதை இவர் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொன்னார். அதையும் என் கண்ணால் கண்டதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவன் முதல் கேட்டது, "மிச்சம் எங்கே?" உடம்பு எங்கே என்று.

மாஸ்டருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. நடுங்கி நடுங்கித் தமிழில் சொல்கிறார், பள்ளிக்கூடத்துச் சாமான், படிப்பிக்கிறதுக்கு வைத்திருந்தது என்று. பக்கத்தில் முழங்காலில் இருந்த இவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அப்போதுதான் பெரியவன் இவரைத் திரும்பிப் பார்த்தான். பாஷை தெரிந்த தமிழன் என்றால் அந்தக் காலத்தில் அது ஒரு உதவியும்தான், ஒரு சந்தேகமும்தான்.

"படிப்பிக்கிற சாமானை ஏன் புதைத்தீர்கள்?"

இவர் ஒரு சொல்லில் பதில் சொன்னார். அது எனக்கும் விளங்கிற்று. பயத்துக்கு மட்டும் இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒரே சொல்தான்.

"என்ன படிப்பிக்கிறான்? இப்ப படிப்பிக்கச் சொல்லு" என்றான் பெரியவன்.

குரங்கின் தலையைக் கொண்டுவர வேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். நான்தான் போனேன். எனக்குப் பின்னால் ஒரு பெடியன், அவனுடைய துவக்கு நுனி என் முதுகில் முட்டிக்கொண்டு. கதிரையை இழுத்துப் போட்டு ஏறித் தகரத்தை இறக்கினேன். தவறவிடக்கூடாது, விட்டால் பின்னால் நிற்கிறவன் வேறு ஏதோ நினைப்பான் என்று இறுக்கிப் பிடித்தேன். தகரம் விழவில்லை. அந்த வளவின் குறுக்காக அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நடந்த நடையை இப்போதும் கனவில் நடக்கிறேன்.

மாஸ்டரின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு தலைகளையும் கிணற்றுக் கட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, பழக்கதோஷம், "பிள்ளையள், இஞ்ச பாருங்கோ" என்று தொடங்கினார். இவர் மொழிபெயர்க்கத் தெரியாமல் முழிசினார். இருபது துவக்குக்காரரைப் பார்த்துப் பிள்ளைகள் என்று எப்படிச் சொல்வது? அதை விட்டுவிட்டு, "பாருங்கள் என்கிறார்" என்று மட்டும் சொன்னாராம்.

நெற்றியைக் காட்டினார் மாஸ்டர். மனிதனுக்கு நிமிர்ந்த நெற்றி, குரங்குக்குச் சரிந்த நெற்றி. தாடையைக் காட்டினார், வேட்டைப் பல்லைக் காட்டினார். பிறகு மண்டையோட்டைக் கவிழ்த்துப் பிடித்து, கீழே இருந்த ஓட்டைக்குள் இருந்த மண்ணைச் சுண்டுவிரலால் துப்புரவாக்கினார். முள்ளந்தண்டு நுழைகிற ஓட்டை. மனிதனுக்கு அது நடுவில் இருக்கிறது, குடத்தைத் தலையில் வைத்த மாதிரித் தலை முதுகுக்கு மேல் நேராக நிற்கிறது. குரங்குக்கு அது பின்னுக்குத் தள்ளி இருக்கிறது, தலை முன்னுக்குத் தொங்குகிறது. சொல்லச் சொல்ல அவருடைய குரல் நடுக்கம் விட்டு, விறாந்தையில் கேட்கிற குரலாக மாறிற்று. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் இவருடைய சிங்களம். வேலியோரம் நின்ற ஒரு சின்ன ஆமிக்காரப் பெடியன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இரும்புத் தொப்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுத் தன் பிடரியைத் தடவிப் பார்த்தான்.

"அப்ப, இதில் இருந்து என்ன சொல்ல வருகிறான்?" என்று கேட்டான் பெரியவன்.

மாஸ்டர் நிறுத்தினார். இவரைப் பார்த்தார். நான் அவர் கண்களைப் பார்த்தேன், அதில் கெஞ்சலும் இருந்தது, வெட்கமும் இருந்தது. மெதுவாகச் சொன்னார்: "மனிசனும் குரங்கும் ஒரே மூதாதையில இருந்து வந்ததுகள். அதுதான் பாடம். கூர்ப்பு."

இவர் வேலிப் பக்கம் பார்த்தார்.

எங்கள் ஒழுங்கைச் சனம் அத்தனையும் வேலிக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் பாதிப்பேர் எங்கள் சபை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இந்த ஒரு சொல்லுக்கு எதிராக இவர் மேசையில் குத்திக் குத்திப் பிரசங்கம் செய்ததைக் கேட்டவர்கள். மாஸ்டரின் உயிர் இப்போது இவருடைய நாக்கில் இருந்தது. தயங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்று ஆகிவிடும். நான் கர்த்தரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொல்ல வையும், சுவாமி. அதைச் சொல்ல வையும்.

சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னார். வேலிப் பக்கம் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

பெரியவன் இவர் போட்டிருந்த வெள்ளைச் சேட்டையும் விறாந்தையில் தெரிந்த வேதப் புத்தகத்தையும் பார்த்திருக்கிறான். "நீ சபைக்காரன்தானே? நீ இதை நம்புகிறாயா?" என்று கேட்டான். "இல்லை" என்றார் இவர். "பிறகு ஏன் சொன்னாய்?" "அவர் சொன்னார். நான் சொன்னேன்." அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு தலைகளையும் தகரத்தில் போடச் சொன்னான். மாஸ்டரை லொறியில் ஏற்றச் சொன்னான். இவரை விட்டுவிட்டார்கள். கையைக் காட்டி வீட்டுக்குள் போ என்றார்கள். இவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழும்பினார், வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், திரும்பினார். லொறிக்குப் பின்னால் போய், பெரியவனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தானே ஏறினார். "ஆருக்கும் பாஷை விளங்காட்டி அங்க என்ன செய்வினம்?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் எனக்கு. அதுகூடச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்றைய பகல் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றி, பானை வெடித்தது மட்டும் நினைவிருக்கிறது. சபைப் பெண்கள் வந்து சுற்றி இருந்தார்கள். அதில் ஒருத்தி, ஜெபம் பண்ணி முடித்த கையோடு, "எண்டாலும் அக்கா, பாஸ்டர் அந்தச் சொல்லை வாயால சொன்னவரல்லோ. கர்த்தர் சும்மா விடுவாரோ?" என்றாள்.

"உன்ர மனிசன் வேலிக்குப் பின்னால நிண்டு பாத்தவர். என்ர மனிசன் முழங்காலில இருந்து சொன்னவர். எழும்பு. என்ர வீட்டை விட்டு எழும்பிப் போ" என்றேன். அவள் போனாள். வேறு இரண்டு பேரும் அவளோடு போனார்கள். அந்த மூன்று குடும்பமும் பிறகு எங்கள் கொட்டிலுக்கு வரவே இல்லை.

மறுநாள் பின்னேரம் இருவரும் நடந்து வந்தார்கள். பள்ளிக்கூடத்து அதிபரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம், பள்ளிக்கூடச் சாமான்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தாராம். மாஸ்டரின் கண்ணாடியில் ஒரு பக்கம் இல்லை. இவருடைய சேட்டில் ஒரு பொத்தானும் இல்லை. இடையில் என்ன நடந்தது என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மண்டையோடு திரும்பி வரவில்லை. சுடுதண்ணி வைத்துக் கொடுத்தேன். கிணற்றடியில் மாஸ்டர் மட்டும் குளித்தார். இவர் அந்தக் கிணற்றடிக்குப் பல நாள் போகவில்லை.

ஒரே ஒரு தரம், சில நாள் கழித்து, அவர்கள் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். விறாந்தையில் இருட்டத் தொடங்குகிற நேரம்.

"பாஸ்டர், நீங்கள் மாத்திச் சொல்லியிருக்கலாம். மனிசரை ஆண்டவன் படைச்சவர், இதுதான் பாடம் எண்டு சொல்லியிருந்தாலும் அவனுக்கு என்ன தெரியும்?"

இவர் எழும்பிப் போய்ப் படலையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "மாத்தத்தான் நினைச்சனான் மாஸ்டர். அவனுக்குத் தமிழ் விளங்குமோ எண்டு பயம். விளங்கி, நான் மாத்துறன் எண்டு கண்டால் உங்களையும் சுடுவான், என்னையும் சுடுவான். அதுதான் உள்ளதை உள்ளபடி சொன்னனான். என்னை நல்லவன் எண்டு நினைக்காதேங்கோ."

"லொறியில ஏறினது?"

"அது ஏன் எண்டு எனக்கும் தெரியாது" என்றார் இவர்.

அதற்குப் பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டில் இல்லை. சண்டை நின்றுவிட்டது. இவர் பிரசங்கத்தில் முதல் மனிதனைப் பற்றிய பகுதிக்கே போகமாட்டார், நேரே வேறு இடத்தைத் திறப்பார். மாஸ்டர் விறாந்தை வகுப்பில் கூர்ப்பு என்கிற பாடம் வந்தபோது, "அதை நீங்களே வாசியுங்கோ பிள்ளையள், விளங்காட்டி விடுங்கோ" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் புட்டுப் பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது. உப்புக் காணுமோ, கறி உறைக்குதோ, அவ்வளவுதான். எனக்கு அந்த அமைதியைத் தாங்க ஏலாமல் இருந்தது. லொறி வந்த அன்று வாழையடியில் கேட்ட அமைதி எங்கள் வீட்டுக்குள் வந்து குடியிருந்த மாதிரி இருந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே கிளப்பிப் பார்த்தேன். "மாஸ்டர், இண்டைக்கும் உங்கட சொந்தக்காரர் கூரையில ஏறி நிண்டவை" என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் யன்னலைப் பார்த்தார்கள். இவர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து இருந்து சாப்பிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் ஒரு நாள் வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, உங்கட வீட்டில ஆக்கள் இல்லையோ? சத்தத்தைக் காணேல்லை" என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் மாஸ்டர் கொழும்புக்குப் போனார். அங்கிருந்து கனடாவுக்கு. போகிற நாள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "போட்டு வாறன் அக்கா" என்றார். இவர் அவரைப் பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு சென்றியிலும் இவர்தான் சிங்களத்தில் பேசினார். இருவரும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. யுத்தம் முடிந்து ஊர் அமைதியான காலத்தை இவர் கண்ணால் கண்டார், ஆனால் கனகாலம் இருக்கவில்லை. நெஞ்சுவலி. கடைசி வரை எங்கள் வீட்டில் யன்னல் சாத்தித்தான் சாப்பிட்டோம்.

இப்போது யன்னல் திறந்து கிடக்கிறது. நான்தான் திறந்துவிட்டேன். துறைமுகப் பக்கம் இரவெல்லாம் வெளிச்சம், வெள்ளைக்காரர் திமிங்கிலம் பார்க்க வள்ளம் ஏறுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் சென்றி இருந்த இடத்தில் ஒரு பேக்கரி. புதுச் சபை ஒன்று ஒலிபெருக்கி கட்டி ஆதாம் ஏவாளைப் பற்றி ஊருக்கே கேட்கப் பிரசங்கிக்கிறது, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இங்கே இல்லை.

மாஸ்டர் எப்போதாவது தொலைபேசி எடுப்பார். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. போன மாதம் எடுத்தபோது காது கிழியக் கதைத்தார், எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று அவருக்குத் தெரியும். அங்கே இடுப்பளவு பனி, முழங்கால் நோவு, பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராது, எல்லாம் சத்தமாகச் சொன்னார். அங்கே கலியாணம் செய்த மனைவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாவாம், பதினோராம் மாடியில் கதவு யன்னல் எல்லாம் பூட்டித் தான் தனிய இருக்கிறாராம். எனக்கு அந்த நேரம் ஒரு ஆசை வந்தது. கேட்டேன்.

"மாஸ்டர், இவரும் இப்ப இல்லை. நானும் எத்தினை நாளோ. எனக்கு ஒருக்கால் அந்தக் கதையைச் சொல்லுங்கோவன். மனிசன் எங்கயிருந்து வந்தவன்?"

காது கிழியக் கதைத்த குரல் இப்போது, நான் தொலைபேசியைக் காதோடு அழுத்தி வைத்தும் அரைகுறையாகத்தான் கேட்கிற அளவுக்குத் தாழ்ந்து வந்தது.

"அக்கா," என்றார், "பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"